கண்டியில் ஆசிரமம் வைத்திருந்த சாமி அமெரிக்கா போன கதை: யாருக்காவது விவரம் தெரியுமா?

எல்லக் கோச்சி:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது முதல் தடவை. இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊரில் வெளிநாட்டார் தங்கும் ஒரு சின்ன விடுதியில் வேலை செய்கிறேன். போன வாரம் அமெரிக்காவில் இருந்து ஒரு அம்மா வந்தார். வயது எழுபதுக்கு மேல். விடிய ஐந்தரைக்கே மாடியில் பாயை விரித்துப் படுத்து, இரண்டு காலையும் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

முடித்துவிட்டு, "நீ தமிழா?" என்றார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. என் குருவும் தமிழர்தான், அமெரிக்கா வருமுன் உங்கள் கண்டியில்தான் ஆசிரமம் வைத்திருந்தார், உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்தவரே அவர்தான் என்று கடகடவென்று சொன்னார். பெயர் சுவாமி சச்சிதானந்தா. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: "உங்கள் வீட்டில் யோகா சொல்லித் தந்தது யார், அம்மாவா, பாட்டியா?"

என் அம்மா முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். எனக்கோ பத்து நிமிடம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே கால் மரத்துவிடும். சிரித்து மழுப்பிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நான் கண்டியில் இரண்டு வருடம் தங்கிப் படித்தவள். இப்படி ஒருவர் அங்கே இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. உண்மையா? அந்த அம்மா இன்னும் பத்து நாள் இங்கேதான். அடுத்த முறை கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

பழைய வாத்தியார்:

உண்மைதான் மகள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையம் என்ற ஊரில் 1914 டிசம்பர் 22இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ராமசாமி. கல்யாணம் செய்து இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்த பிறகு மனைவி இறந்துபோனார். அதற்குப் பிறகு தேடல் தொடங்கியது. திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்தார். கடைசியில் ரிஷிகேசம் போய் 1949இல் சுவாமி சிவானந்தரிடம் சன்னியாசம் வாங்கினார். அந்தக் குருதான் 1953இல் அவரை இலங்கைக்கு அனுப்பினார். முதலில் திருகோணமலை, பிறகு கண்டி. கண்டி ஆசிரமத்தின் பெயர் சச்சிதானந்த தபோவனம்.

அமெரிக்கா போனது திட்டம் போட்டுப் போனதல்ல. கான்ராட் ரூக்ஸ் என்ற அமெரிக்கர், படம் எடுப்பவர், அவரை இங்கே சந்தித்துப் பாரிசுக்கு வரச் சொன்னார். பாரிசில் பீட்டர் மாக்ஸ் என்ற இளம் ஓவியர் பிடித்துக்கொண்டார், நியூயார்க்குக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று. 1966இல் சும்மா எட்டிப் பார்க்கப் போனவரை அங்குள்ள இளைஞர் கூட்டம் விடவில்லை. அதே வருடம் அவருடைய இன்டெக்ரல் யோகா நிறுவனம் நியூயார்க்கில் தொடங்கிவிட்டது.

உட்ஸ்டாக் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். 1969 ஆகஸ்ட் 15, முதல் நாள். ரிச்சி ஹேவன்ஸ் என்ற பாடகர்தான் முதலில் மேடை ஏறினார். அவர் இறங்கிய பிறகு இவர் வந்து உட்கார்ந்து பேசினார். நாலு லட்சம் பேர் கூடிய விழா அது. தொடக்க உரை என்று சொல்வது சரி, முதல் ஆள் என்று சொன்னால் பிழை. வாத்தியார் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மடுவத்துத் தராசு:

வெள்ளைக்காரர் வந்து சொன்னால்தான் நம்மவர் பெருமை நமக்குத் தெரிகிறது. அதை விடுங்கள். நான் கேட்பது வேறு.

சாமி கண்டியில் இருந்தது 1953க்கும் 1966க்கும் இடையில் என்கிறீர்கள். அதே வருடங்களில் என் அப்பாயியும் கண்டிக்கு நடையாக நடந்தவர்தான், தரிசனத்துக்கு இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்ற காலம். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தின் வாசலில், கடுதாசிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாராம். பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஆளைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆட்டுச் சந்தையில்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஊர். ஒரு தமிழர் அங்கிருந்து பாரிஸ், நியூயார்க் என்று பறக்கிறார். இன்னொரு தமிழச்சிக்கு ஹட்டன் தாண்டினால் நான் யார் என்று காட்டக் கடுதாசி இல்லை. எங்களுக்கு ஏன் அவரைத் தெரியவில்லை என்று தங்கச்சி கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

கூடலூர் சிலோன்காரன்:

தராசு அண்ணே, அந்த 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் உண்டு. தாத்தா தலவாக்கலையில் கோச்சி ஏறும்போது ஸ்டேசன் முழுக்க ஒப்பாரியாம். அழுகைக் கோச்சி என்றுதான் ஆத்தா கடைசி வரை சொன்னார். தலைமன்னாரில் இறங்கி ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த நீலகிரி. இங்கேயும் அதே தேயிலை, அதே குளிர். பெயர் மட்டும் மாறியது: அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

ஆனாலும் சாமி மேல் என்ன குற்றம்? அவர் யாருடைய பாஸ்போர்ட்டையும் பிடுங்கவில்லையே. பேரூர் பட்டீஸ்வரர் கோயிலுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். சன்னியாசத்துக்கு முன் அந்தக் கோயிலில் மானேஜராக இருந்தவர் அவர். மலையை விட்டு இறங்கினால் எங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. அங்கேயும் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. நம் ஆட்கள் மட்டும் மறந்துவிட்டோம் என்று வருத்தப்பட வேண்டாம், பிறந்த மண்ணிலேயே அந்தக் கதைதான்.

பழைய வாத்தியார்:

தராசு கடுதாசியைப் பற்றி எடுத்தது நல்லது. அமெரிக்காவுக்கு யோகா போன கதையே பாதி கடுதாசிக் கதைதான்.

விவேகானந்தர் 1893இல் போனார். பம்பாயில் கப்பல் ஏறி, வழியில் நம் கொழும்பையும் தொட்டு, சீனா, ஜப்பான் சுற்றிப் போனவர். செப்டம்பர் 11இல் சிகாகோவில் பேசினார். அதே மேடையில் இலங்கைப் பௌத்தர்களுக்காக அநாகரிக தர்மபாலவும் இருந்தார். அப்போது இந்தியரைத் தடுக்கும் சட்டம் அங்கே இல்லை. 1920இல் யோகானந்தர் பாஸ்டனுக்குப் போனார், கிரியா யோகத்தைப் பரப்பினார், பாடங்களை அச்சடித்துத் தபாலில் அனுப்பியே மாணவர் சேர்த்தார். பிறகு 1924இல் ஆசியாக்காரர் குடியேறவே முடியாதபடி கதவை அடைத்துவிட்டார்கள். 1946இல் கொஞ்சம் திறந்தார்கள், எவ்வளவு தெரியுமா? இந்தியா முழுமைக்கும் வருடத்துக்கு 100 பேர்! கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்த யோகானந்தருக்கே குடியுரிமை 1949இல்தான் கிடைத்தது. 1965இல் அந்தப் பங்கீட்டு முறையை எடுத்தார்கள். 1966இல் சச்சிதானந்தர் போய் இறங்கினார். அறுபதுகளில் திடீரென்று இந்தியாவில் சாமியார்கள் முளைத்துவிடவில்லை, அங்கே கேட் திறந்தது.

இனி எங்கள் மாத்தளைக் கதை. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. விவேகானந்தர் திரும்பி வந்தபோது கால் வைத்த முதல் ஊர் கொழும்பு, 1897 ஜனவரி 15. நாலு நாள் கழித்துக் கோச்சியில் கண்டிக்கு வந்தார், ஊரார் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். அன்று மாலையே மாத்தளைக்கு வந்து இரவு தங்கினார். மறுநாள் காலை குதிரை வண்டியில் யாழ்ப்பாணத்துக்குப் பயணம், ஏறக்குறைய 200 மைல். தம்புள்ளையைத் தாண்டி ஓர் இறக்கத்தில் முன் சக்கரம் ஒன்று நொறுங்கிவிட்டது. மூன்று மணி நேரம் நடுவழியில். பிறகு மாட்டு வண்டி பிடித்து மெல்ல மெல்ல அனுராதபுரம் போய்ச் சேர்ந்தார்கள்.

அது எந்தப் பாதை என்று யோசித்துப் பாருங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று நம் முப்பாட்டன்மார், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிக்குப் பின்னால் நடந்து வந்த அதே பாதை. அவர்கள் மலைக்கு ஏறி வந்தார்கள், அவர் இறங்கிப் போனார்.

மடுவத்துத் தராசு:

சேர், சக்கரம் உடைந்து மூன்று மணி நேரம் நின்றது சரித்திரத்தில் ஏறிவிட்டது. அந்தப் பாதையோரம் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்தவர் இல்லை.

ஆனால் சொன்னதற்கு நன்றி. இது எனக்குத் தெரியாது. தம்புள்ளைச் சந்தைக்கு மாதம் இரண்டு தடவை லொறியில் போகிறேன், இனி அந்த இறக்கத்தில் நினைவு வரும்.

சிலுவைமலை:

நான் வேதக்காரன், பண்டாரவளைப் பக்கம். தெரியாமல்தான் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். யோகா என்றால் காலைத் தலைக்குப் பின்னால் போடுவதா, சாமி கும்பிடுவதா? எங்கள் பாஸ்டர் வேண்டாம் என்கிறார். பாஸ்டர் அம்மாவுக்கு முதுகு வலி, பிசியோதெரபி என்ற பெயரில் அதையேதான் செய்கிறார்!

பழைய வாத்தியார்:

நல்ல கேள்வி தம்பி. விவேகானந்தர் அமெரிக்காவில் ஆசனம் சொல்லித் தரவில்லை. 1896இல் வந்த அவருடைய ராஜயோகம் நூல் மனதை அடக்குவது பற்றியது, உடம்பை வளைப்பதில் அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. யோகானந்தரும் முதன்மையாகத் தியானம்தான். ஆசனம் பெரிதாகப் போனது பிறகு. 1947இல் அமெரிக்கா போன இந்திரா தேவி ஹாலிவுட்டில் பள்ளி திறந்தார், அவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த பெண், மைசூர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்தவர். அதே ஆசிரியரின் மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரை 1952இல் வயலின் மேதை மெனுகின் சந்தித்து ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அப்புறம் சிவானந்தரின் சிஷ்யர்கள்: 1957இல் விஷ்ணுதேவானந்தர், 1966இல் நம்மவர்.

மதத்தைப் பொறுத்தவரை, வெர்ஜினியாவில் சச்சிதானந்தர் 1986இல் திறந்த தாமரைக் கோயிலில் உங்கள் வேதத்துக்கும் ஒரு பீடம் உண்டு, இஸ்லாத்துக்கும் பௌத்தத்துக்கும் உண்டு. உண்மை ஒன்று, வழிகள் பல என்பது அவர் வாசகம். பாஸ்டர் அதை ஏற்பாரா என்பது வேறு விஷயம்.

மிஸியக்கா:

ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து இப்போதுதான் முழுவதையும் வாசித்தேன். எல்லாரும் சிஷ்யரைப் பற்றியே பேசுகிறீர்கள், குருவை விட்டுவிட்டீர்கள்.

சிவானந்தர் முதலில் யார்? டாக்டர். எங்கே டாக்டர்? மலாயாவில், ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில்! 1913இல் கப்பல் ஏறிப் போய்ப் பத்து வருடம் நெகிரி செம்பிலான், பிறகு ஜொகூர் என்று வேலை பார்த்தார். 1923இல்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார். மலாயா ரப்பர்க் காட்டில் பால் வெட்டியது யார்? நம்மைப் போலவே கங்காணி பிடித்துப் போன சனம். இன்று உலகம் முழுக்க அவர் பெயரில் யோகா வகுப்பு நடக்கிறது. அவர் கை பிடித்துப் பார்த்த நாடியெல்லாம் தோட்டத்து நாடி. இதை எங்கள் வார்டில் சொன்னபோது ஒரு கிழவி, "அப்போ நம்ம தோட்டத்து டாக்டரய்யாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். (பிறந்த ஊர் பத்தமடை. கோரைப் பாய்க்குப் பெயர் போன ஊர். யோகா பாய் விற்கிறவர்கள் கவனிக்க.)

அவர் மேற்கு நாடு எதற்கும் போனதே இல்லை. ரிஷிகேசத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் இருநூறுக்கு மேல் புத்தகம் எழுதினார், ஆட்களை அனுப்பினார். 1950இல் இந்தியப் பயணத்தின்போது இலங்கைக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி என் தொழில் சம்பந்தமாக ஒன்று. கொழுந்து எடுக்கிற பெண்கள் கழுத்து வலி, இடுப்பு வலி என்று வராத கிழமை இல்லை. கூடைப் பட்டை தலையில், கூடை முதுகில், சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. எங்கள் பக்கத்தில் நாளுக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். பெனடோல் மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம், அடுத்த கிழமை திரும்பி வருகிறார்கள். டீன் ஒர்னிஷ் என்ற அமெரிக்க வைத்தியர் சச்சிதானந்தரின் சிஷ்யர்தான். கொழுப்புக் குறைந்த மரக்கறிச் சாப்பாடு, நடை, யோகா, தியானம் எல்லாவற்றையும் சேர்த்து இதய நோயாளிகளுக்குக் கொடுத்து, அடைப்புக் குறைந்ததை 1990இல் லான்செட் மருத்துவ இதழில் காட்டினார். யோகா மட்டும் செய்த வேலை என்று அதைச் சொல்ல முடியாது, எல்லாம் கலந்த வைத்தியம். ஆனாலும் அங்கே பணக்காரர் இதயத்துக்குப் போனது இங்கே ஒரு பொம்பிளையின் கழுத்துக்கு வரவில்லையே.

மடுவத்துத் தராசு:

மிஸி, அரைப்பேர் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து விறகு பொறுக்கி, ரொட்டி தட்டி, பிள்ளைக்குப் பாடம் பார்க்கிறவளிடம் போய் மூச்சை இழு, விடு என்று சொன்னால் செருப்பால் அடிப்பாள். கழுத்து வலிக்கு மருந்து ஆசனம் இல்லை, கிலோவைக் குறைப்பது.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சச்சிதானந்தர் மேல் 1991இல் முன்னாள் சிஷ்யைகள் சிலர் பாலியல் புகார் சொல்லிப் போராட்டம் நடத்தினார்கள். அவர் மறுத்தார். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது பஜனை.

எல்லக் கோச்சி:

அண்ணா, அதை அந்த அம்மாவிடம் நானே கேட்டேன். கோபப்படவில்லை. "தெரியும். அந்த வருடம் நாங்கள் பாதிப் பேர் அழுதோம், சிலர் விலகிப் போனார்கள். நான் ஆசனத்தை விடவில்லை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் குரு 2002இல் சென்னையில் காலமானாராம், உடலை வெர்ஜினியாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்களாம்.

மடுவத்துத் தராசு:

2002. நம்மில் மிச்சம் நின்றவர்களுக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது 2003. சரி, நான் இதிலேயே நிற்கிறேன், விடுகிறேன்.

கூடலூர் சிலோன்காரன்:

விட வேண்டாம் அண்ணே. ஆனால் மிஸி சொன்னதையும் தள்ள வேண்டாம். கிலோ குறைகிற வரைக்கும் கழுத்து காத்திருக்குமா? எங்கள் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அம்மா சும்மா பத்து நிமிடம் சொல்லித் தருகிறார், பெண்கள் போகிறார்கள். வேலை நேரத்தில் நடப்பதால் போகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிஸியக்கா:

அந்தக் கடைசி வரிதான் விஷயம். நேற்று ஞாயிறு, என் சொந்த ஊர்த் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் பாய் போட்டுப் பார்த்தோம். எல்லக் கோச்சி தங்கச்சி அந்த அமெரிக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டார். பதினொரு பெண்கள். மிச்சத்தைத் தங்கச்சி எழுதட்டும், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லக் கோச்சி:

எழுதுகிறேன். அந்த அம்மா முதலில் மர ஆசனம் காட்டினார், ஒற்றைக் காலில் நிற்பது. மிஸியக்கா தமிழில் விளக்க முதலே ஒரு பெரியம்மா எழுந்து அசையாமல் நின்றுவிட்டார். "இதா? மழை நாளில் காலில் ஏறும் அட்டையைப் பிடுங்க இப்படித்தானே நிற்கிறோம்" என்றார். அமெரிக்க அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அட்டை என்றால் என்ன என்று கேட்டார். படம் காட்டினேன். ஆசனத்தை விட்டுவிட்டார்!

கழுத்தை மெல்லச் சுற்றுவதும் தோளைத் தளர்த்துவதும்தான் எல்லாருக்கும் பிடித்தது. கடைசியில் சவாசனம். கண்ணை மூடி மல்லாந்து படுத்து, கால் விரலில் இருந்து ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்த வேண்டும். முழங்காலைத் தாண்டுவதற்குள் ஏழு பேர் குறட்டை. எழுப்பலாமா என்று கேட்டேன். அந்த அம்மா வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, அவர்களுக்குப் பக்கத்திலேயே சிமெந்துத் தரையில் படுத்துக்கொண்டார். என் அம்மாவும் அந்த ஏழு பேரில் ஒருவர். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எழுந்த பிறகு அந்தப் பெரியம்மா மிஸியக்காவிடம் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பேர் போடுவாங்களா?"

மடுவத்துத் தராசு:

அந்தப் பெரியம்மாவைச் சங்கத்துக்குத் தலைவியாக்குங்கள். முழுப்பேரா, அரைப்பேரா என்று தோட்டத்துத் துரையிடம் கேட்க நான் கூட வருகிறேன்.

மிஸியக்கா:

வாருங்கள், பிறகு பேச்சு மாறக் கூடாது. இப்போதைக்கு வேறு தேவை ஒன்று உண்டு: தரை குளிர். பத்தமடைப் பாய்க்கு எங்கே போவது, உரப் பையை வெட்டித் தைத்து இரண்டு மடிப்பாகப் போடலாம் என்று பார்க்கிறோம். ஹட்டன் பக்கம் யாரிடமாவது கழுவிய வெறும் பைகள் இருபது இருந்தால் எனக்குத் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.